கருஞ்சீரகம்: கதை வளர வளரக் குறைந்தவை

எங்கட பக்கத்தில் கருஞ்சீரகத்தை அறியாத வீடு இல்லை. கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை என்று எந்த ஊருக்குப் போனாலும் குசினியில் ஒரு சின்னப் போத்தலிலாவது அது இருக்கும். கூடவே ஒரு பேச்சும் இருக்கும்: மௌத்தைத் தவிர மற்ற எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்து அது. அந்த நபிமொழியில் ஒரு முஸ்லிமுக்கு ஐயம் இல்லை, இக்கட்டுரைக்கும் இல்லை.

ஐயம் வேறோர் இடத்தில். அந்த நபிமொழியைச் சுற்றிப் பல நூற்றாண்டுகளாக ஒரு கதைத் தொகுதி திரண்டிருக்கிறது. விரிவுரை, வாகடம், வாய்வழக்கு, துண்டுப்பிரசுரம், போத்தல் சிட்டை, கடைசியாகக் கைத்தொலைபேசிச் செய்தி என்று அது பல வடிவம் எடுத்திருக்கிறது. தமிழ் படித்தவனுக்குத் தெரிந்த வித்தை பாடபேதம் பார்ப்பது. ஏட்டுக்கு ஏடு எந்தச் சொல் சேர்ந்தது, எந்தச் சொல் விடுபட்டது என்று வரிசையாக வைத்துப் பார்ப்போம். அதே வித்தையைக் கருஞ்சீரகக் கதையிலும் செய்து பார்க்கலாம்.

நாட்டார் கதைகள் பொதுவாகச் சேர்த்துச் சேர்த்து வளரும். 'கை கால் முளைச்ச கதை' என்று ஊரில் சொல்லுவோம். கருஞ்சீரகக் கதையிலும் சில கை கால்கள் முளைத்துத்தான் இருக்கின்றன. ஆனால் அதை உண்மையில் பெருக்க வைத்தது சேர்ந்தது அல்ல, விடுபட்டது. நோயாளி விடுபட்டான், அளவு விடுபட்டது, கொடுக்கும் முறை விடுபட்டது, கொடுக்கக் கூடாதவர் யார் என்ற எச்சரிக்கை விடுபட்டது. எல்லாம் போன பிறகு மிஞ்சியது 'எல்லா நோய்க்கும்' என்ற இரண்டு சொல் மட்டும்.

புகாரியில் இருக்கும் நோயாளி

ஸஹீஹுல் புகாரியின் மருத்துவப் பாகத்தில் இந்த ஹதீஸ் ஒரு சம்பவத்தோடு வருகிறது. காலித் இப்னு ஸஅத் என்பவர் சொல்கிறார். பிரயாணத்தில் அவர்களோடு வந்த காலிப் இப்னு அப்ஜர் வழியில் நோயில் விழுகிறார். மதீனா வந்து சேர்ந்தும் சுகமில்லை. நோய் விசாரிக்க வந்த இப்னு அபீ அதீக் ஒரு வழி சொல்கிறார்: கருஞ்சீரகத்தில் 5 அல்லது 7 மணி எடுத்து, நசுக்கி, எண்ணெய்த் துளிகளோடு மூக்கின் இரு துவாரத்திலும் விடுங்கள். அதற்கு ஆதாரமாகத்தான், ஆயிஷா (ரழி) அவர்கள் தமக்கு அறிவித்த நபிமொழியை எடுத்துச் சொல்கிறார்.

இந்த அறிவிப்பில் எத்தனை விடயம் இருக்கிறது என்று பாருங்கள். பெயருள்ள ஒரு நோயாளி இருக்கிறார். பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்லுகிற ஒருவர் இருக்கிறார். எண்ணிக்கை, பக்குவம், துணைச்சரக்கு, கொடுக்கும் வழி எல்லாம் இருக்கின்றன. எண்ணிக்கையும் முறையும் இப்னு அபீ அதீக் சொன்னவை. நபி (ஸல்) அவர்களின் வாக்கு பொதுவானது. அந்தப் பொது வாக்கைக் கேட்ட முதல் தலைமுறையினர் அதை ஒரு குறிப்பிட்ட நோயாளிக்குக் குறிப்பிட்ட அளவில்தான் பயன்படுத்தினார்கள். அள்ளித் தின்னச் சொல்லவில்லை.

இன்னொன்று. அதே மருத்துவப் பாகத்தில் தேனும் வருகிறது, இரத்தம் குத்தி எடுத்தலும் வருகிறது, நம் நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று கேட்டு வாங்கும் இந்தியக் குஸ்தும் வருகிறது. ஒரு சரக்கு மட்டுமே எல்லாருக்கும் எந்நிலையிலும் போதும் என்பது கருத்தாக இருந்தால் மற்ற மருந்துகளுக்கு அங்கே வேலை என்ன? அபூதாவூதில் வரும் செய்தியும் நினைக்கத்தக்கது. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் அனுப்பியது தகீப் கோத்திரத்து வைத்தியர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம்.

பெயர் செய்த குழப்பம்

ஹதீஸின் சொல் 'அல்ஹப்பதுஸ் ஸவ்தா', அதாவது கறுப்பு விதை. எந்தக் கறுப்பு விதை? அது 'ஷூனீஸ்' என்று அறிவிப்பாளர் இப்னு ஷிஹாப் அவர்களே விளக்குகிறார். ஷூனீஸ் என்பது பாரசீக வழி வந்த சொல். நாம் கருஞ்சீரகம் என்பது அதைத்தான். ஆனாலும் அந்தக் காலத்திலேயே வேறு கருத்தும் இருந்தது. கடுகு என்று ஹஸன் அல்பஸரி (ரஹ்) அவர்கள் சொன்னதாகவும், ஒருவகைக் காட்டு மரத்தின் காய் என்று ஹரவீ சொன்னதாகவும் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) தமது ஃபத்ஹுல் பாரியில் எடுத்துக் காட்டுகிறார். ஷூனீஸ் என்பதே பெரும்பான்மைக் கருத்தாக நிலைத்தது.

தமிழில் குழப்பம் இன்னும் அதிகம். கருஞ்சீரகம் சீரகமே அல்ல. சீரகத்தின் குடும்பமும் வேறு, இதன் குடும்பமும் வேறு. பார்வைக்கும் மணத்துக்கும் ஏதோ ஓர் ஒற்றுமை கண்டு முன்னோர் பெயர் வைத்துவிட்டார்கள். காட்டுச்சீரகம் என்று இன்னொன்று இருக்கிறது. வட இந்தியாவில் அதற்கும் கறுப்புச் சீரகம் என்ற பொருளில் பெயர் உண்டு. வெங்காய விதையையும் கருஞ்சீரகத்தையும் பக்கத்தில் வைத்தால் பழகாத கண் தடுமாறும். யூதரின் ஏசாயா ஆகமத்தில், 28ஆம் அதிகாரத்தில், சீரகத்தோடு சேர்த்து ஒரு விதை பேசப்படுகிறது. எபிரேயச் சொல் 'கெட்ஸா'. அது கருஞ்சீரகம் என்பது இன்றைய ஆய்வாளர் முடிவு. பழைய தமிழ் வேதாகமத்தில் அது உளுந்து என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது! மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்லுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு விதை ஒரு மொழியில் இருந்து இன்னொரு மொழிக்குப் போகும்போது பெயரே இவ்வளவு மாறுமென்றால், மருந்தின் அளவும் முறையும் எவ்வளவு மாறும் என்பதை எண்ணிப் பார்க்கத்தான்.

இமாம்களின் கவனம்

'எல்லா நோய்க்கும்' என்ற சொல்லை முன்னைய அறிஞர்கள் எப்படிப் படித்தார்கள்? இலக்கணம் படித்தவர்களுக்கு இது சுவையான இடம். சொல் பொதுவாக இருந்தாலும் அதன் நோக்கம் குறிப்பானது என்றார் கத்தாபி (ரஹ்). எல்லா உடற்கூறுக்கும் எதிர்நிற்கும் குணம் எந்தத் தாவரத்திலும் ஒருங்கே இல்லை. ஈரத்தாலும் குளிர்ச்சியாலும் வரும் நோய்களையே இது சுட்டும் என்பது அவர் விளக்கம். இப்னுல் கையிம் (ரஹ்) ஹிஜ்ரி 751இல், அதாவது 1350இல் காலமானவர். அவர் ஸாதுல் மஆதில் குர்ஆனில் இருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். ஆது கூட்டத்தார் மீது வீசிய காற்று எல்லாவற்றையும் அழித்தது என்று வருகிறது. அழியக்கூடிய எல்லாவற்றையும் என்பதே அதன் பொருள். 'எல்லாம்' என்ற சொல் இடம் பார்த்துப் பொருள் கொள்ளப்பட வேண்டியது.

மறுபக்கமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. வைத்தியர்களின் அனுபவத்தை வைத்து நபிமொழியைச் சுருக்குவதா என்று இப்னு அபீ ஜம்ரா (ரஹ்) கேட்டார். வைத்தியர் சொல்லும் பெரும்பாலும் ஊகம்தானே, அதைவிட வஹியோடு பேசியவரின் சொல் அல்லவா நம்பத்தக்கது என்பது அவர் வாதம். இப்னு ஹஜர் இரண்டுக்கும் இடையில் வழி கண்டார். சில நோய்க்குத் தனியாக, சில நோய்க்குப் பிற மருந்தோடு சேர்த்து என்று பொருள் கொண்டால் பொதுச்சொல்லும் நிற்கும், வைத்தியமும் நிற்கும். சுருக்கிப் படித்தவரும் விரித்துப் படித்தவரும் வாதாடியது பொருள் பற்றித்தான். வைத்தியரை விட்டு விலகுங்கள் என்ற முடிவுக்கு அவர்கள் யாரும் இதை இழுக்கவில்லை.

அளவைப் பற்றி அவர்கள் வைத்திருந்த கவனத்தைப் பாருங்கள். கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதிஸ் இதை எழுதியபோதே, மிகையாகக் குடித்தால் உயிராபத்து என்ற எச்சரிக்கையையும் எழுதினார். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அவரது நூல் அரபுக்கு வந்தது. இப்னுல் கையிம் இதன் பயன்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, உட்கொள்ளும் அளவு 2 திர்ஹம் எடை என்கிறார். அதிகம் உண்டால் கொல்லும் என்று சிலர் கூறியதையும் விடாமல் எழுதுகிறார். நபிவழி மருத்துவத்தைப் பற்றி மிகுந்த பற்றோடு எழுதிய ஒருவர், எச்சரிக்கையை எழுதினால் ஹதீஸின் மதிப்புக் குறைந்துபோகும் என்று பயப்படவில்லை.

மூக்கில் பிடித்த முடிச்சு

இனித் தமிழுக்கு வருவோம். இந்த விதை நம் வயலிலோ சேனையிலோ விளைவதல்ல. கடல் கடந்து வந்து சரக்குக் கடைக்குச் சேர்வது. சிங்களத்தில் களு துரு என்றும் இந்தியில் கலோஞ்சி என்றும் ஒவ்வொரு துறையிலும் ஒரு பெயர் வாங்கிக்கொண்டு வந்தது. தமிழ்க் குணபாட நூல்களில் இதற்கு ஒரு வெண்பா உண்டு. கரப்பான், புண், பீனிசம், காய்ச்சல், தலைவலி, கண்வலி என்று அது வகுத்துச் சொல்கிறது. புகழ்ச்சிக்குப் பஞ்சமில்லாத பாட்டுத்தான். ஆனாலும் நோயைப் பெயர் சொல்லித்தான் புகழ்கிறது.

அந்தப் பட்டியலில் பீனிசம் இருப்பதைக் கவனியுங்கள். மூக்கு நோய் அது. மதீனாவில் 5 அல்லது 7 மணியை நசுக்கி விட்டதும் மூக்கில். சளிக்கு இதைத் துணியில் முடிந்து முகரச் சொல்லி அரபு நூல்கள் எழுதியதும் மூக்கைப் பற்றித்தான். எங்கட உம்மும்மாமார் தடிமன் பிடித்த பிள்ளைக்கு என்ன செய்தார்கள்? ஒரு சிட்டிகை கருஞ்சீரகத்தைச் சட்டியில் வறுத்து, சீலைத் துண்டில் முடிந்து, உள்ளங்கையில் உரசி, 'இழு மனே, நல்லா இழு' என்று மூக்கடியில் பிடித்தார்கள். எழுத்து அறியாத அந்தப் பெண்களுக்கு ஸாதுல் மஆதும் தெரியாது, குணபாடமும் தெரியாது. ஆனால் அந்த முடிச்சுக்குள் அளவும் இருந்தது, முறையும் இருந்தது, எந்த நோய்க்கு என்பதும் இருந்தது.

மருத்துவிச்சிமாரின் வழக்கும் அப்படித்தான். பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கும் சரக்கில் கருஞ்சீரகம் சேரும். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குச் சேராது. 'பெத்தவளுக்குக் குடு, சுமக்கிறவளுக்குக் குடுக்காத' என்பது அவர்கள் கணக்கு. மாதவிலக்கைத் தூண்டும் குணம் இதற்கு உண்டு என்று பழைய அரபு மருத்துவ நூல்கள் எழுதியிருப்பதோடு இந்தக் கணக்கு ஒத்துப்போகிறது. நாட்டார் வழக்கு என்றாலே மூடநம்பிக்கை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வாய்வழக்கு இந்தச் சரக்கின் எல்லையைக் காப்பாற்றியது.

வாய்வழிச் செய்தியும் பக்குவமாக எழுதப்பட்டால் எவ்வளவு தூரம் பழுதில்லாமல் போகும் என்பதற்கு எங்கட கொட்டியாரக் குடாவோடு சம்பந்தப்பட்ட ஒருவரே சாட்சி. 1660இல் மூதூர்ப் பக்கம் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் 19 வருடத்துக்கு மேல் கைதியாக இருந்த றொபர்ட் நொக்ஸைப் பற்றிப் பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும். இராச்சியத்தின் வடபகுதியில் கெட்ட தண்ணீரால் வந்த காய்ச்சலுக்கு ஒரு காய்ந்த இலை மருந்தாக உதவியதை அவர் 1681இல் வெளிவந்த நூலில் எழுதினார். தூளாக்கிச் சக்கரையோடு சேர்த்துக் காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்டதாகச் சொல்கிறார். அது கஞ்சா இலை. அவருடைய நண்பர் றொபர்ட் ஹூக் 1689இல் லண்டன் றோயல் சங்கத்தில் அந்தச் செடியைப் பற்றி உரை நிகழ்த்தினார். அந்த இலையைச் சிபாரிசு செய்ய இதைச் சொல்லவில்லை. மார்க்கத்திலும் சட்டத்திலும் அதன் நிலை நமக்குத் தெரியும். நொக்ஸின் எழுத்து முறைதான் இங்கே கவனிக்க வேண்டியது. எந்த நோய்க்கு, எதோடு, எப்போது, எப்படி என்று அவர் எழுதி வைத்தார். எல்லா நோய்க்கும் என்று எழுதவில்லை.

அச்சு செய்த வேலை

அப்படியானால் விடுபட்டது எங்கே? துண்டுப்பிரசுரத்திலும் போத்தல் சிட்டையிலும்தான். சிட்டை சின்னது, அதில் காலிப் இப்னு அப்ஜருக்கு இடமில்லை. 5 அல்லது 7 மணிக்கு இடமில்லை. கத்தாபியும் இப்னுல் கையிமும் வரமாட்டார்கள். நபிமொழியின் பாதி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். கீழே சீனி வருத்தம், பிறசர், கொலஸ்ட்ரோல், மூட்டுவலி, புற்றுநோய், மலட்டுத்தன்மை என்று நீளப் பட்டியல். மூக்கில் இருந்து தொடங்கிய மருந்து உடம்பு முழுக்கப் பரவிவிட்டது.

முளைத்த கை கால்களும் இந்தக் கட்டத்தைச் சேர்ந்தவையே. 1922இல் எகிப்தில் திறக்கப்பட்ட துட்டன்காமுன் கல்லறைப் பொருட்களில் கருஞ்சீரகமும் இருந்தது உண்மை. எதற்காக வைத்தார்கள் என்று அந்த விதை வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அதில் இருந்து ஒரு தாவு தாவி, கிளியோபாத்ரா அழகுக்குப் பூசினாள் என்று எழுதுகிறார்கள். அதற்கு ஒரு பழைய நூலின் ஆதாரமும் காட்டுவதில்லை. நபிமொழிக்குச் சாட்சி தேடி ஃபிர்அவ்னின் கல்லறைக்குப் போக வேண்டிய தேவை நமக்கு எப்போது வந்தது? விற்பனைக்கு வந்தபோது வந்தது.

விஞ்ஞானத்தின் பெயரிலும் இதே கத்தரிப்பு நடக்கிறது. கருஞ்சீரக எண்ணெயில் தைமோகுவினோன் என்ற பொருள் இருப்பதை 1960களில் எகிப்திய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதன் பின் ஆய்வுகள் நிறைய. இரத்தச் சீனியையும் கொழுப்பையும் ஓரளவு குறைக்கிறது என்று மனிதர்களிடம் செய்த சில பரிசோதனைகள் காட்டுகின்றன. பெரும்பாலும் சிறு தொகையினரிடம், குறுகிய காலத்துக்கு, வழக்கமான மருந்தோடு சேர்த்துச் செய்த சோதனைகள் அவை. சிட்டைக்கு வரும்போது 'ஓரளவு' போய்விடுகிறது. 'மருந்தோடு சேர்த்து' என்பதும் போய்விடுகிறது. சோதனைக் குழாயில் செய்த புற்றுநோய் ஆய்வு, நோயாளியைக் குணமாக்கிய செய்தியாக மாறிவிடுகிறது. இமாம்களுக்குச் செய்ததையே ஆய்வாளருக்கும் செய்கிறோம்.

இதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? எங்கட பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், தொழுகையாளி, நீண்டகாலச் சீனி வருத்தக்காரர், கிளினிக்கில் கொடுத்த குளிசையை நிறுத்திவிட்டு எண்ணெய்க்கு மாறினார். 'ஹதீஸை நம்பினா குளிசை எதுக்கு?' என்று யாரோ கேட்டதாம். ஆறு மாதம் போகவில்லை. காலில் வந்த புண் ஆறாமல் விரல் எடுக்க வேண்டி வந்தது. அவரைப் பார்க்கப் போனவர்களிடம் அவர் கேட்டது புண்ணைப் பற்றி அல்ல. 'என்ட ஈமானில குறையோ?' என்று கேட்டார். உடம்புக்கு வந்த சேதத்தை விடப் பெரிய சேதம் அது. சிட்டை எழுதியவன் விட்ட குறையை ஒரு முஃமின் தன் ஈமானின் குறையாக எடுத்துக்கொள்கிறார். மருந்து பலிக்காதபோது நபிமொழியின் மீதே இளையவர்களுக்குச் சந்தேகம் வருவதும் இந்த வழியில்தான். நபிமொழியைக் காப்பதாக நினைத்துக்கொண்டு அதை வியாபாரத்தின் வாயில் கொடுத்திருக்கிறோம்.

இதற்குப் பரிகாரம் கருஞ்சீரகத்தைக் கைவிடுவதல்ல. விடுபட்டதைத் திரும்பச் சேர்ப்பதுதான். ஹதீஸைச் சொல்லும்போது அது வந்த சம்பவத்தோடு முழுசாகச் சொல்ல வேண்டும். மிம்பரில் சொன்னாலும் சரி, பிரசுரத்தில் அச்சிட்டாலும் சரி. விரிவுரையாளர்கள் இரண்டு விதமாகப் படித்ததையும் சொல்ல வேண்டும். சீனிக்குக் குளிசை எடுப்பவர் இதையும் சேர்த்து எடுத்தால் சீனி மிகையாக இறங்கக்கூடும் என்பதால் வைத்தியரிடம் சொல்லிவிட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையை மருத்துவிச்சி சொன்னபடியே அச்சில் போட வேண்டும்.

அதோடு ஒரு தேடல் வேலையும் இருக்கிறது. மூதூரிலும் கிண்ணியாவிலும் அந்த முடிச்சைக் கட்டத் தெரிந்த உம்மும்மாமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே நடக்கிறது. உயர்தரத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் ஒரு கொப்பியோடு போய், எந்த நோய்க்கு, எவ்வளவு, எதோடு, எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்ற ஐந்து கேள்வியையும் கேட்டு எழுதி வந்தால், சித்த மருத்துவம் படிப்பவர்கள் அதைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். எழுதும்போது அந்த மூத்தம்மாமார் பேசிய சொல்லிலேயே எழுத வேண்டும். அளவைச் சொல்லும் சொல் அவர்களிடம்தான் இருக்கிறது: ஒரு சிட்டிகை, மூன்று விரல் அள்ளு, ஏழு மணி. போத்தல் சிட்டையில் அந்தச் சொற்கள் இல்லை.